நாரை கூவினால் பரண் ஏன் ஊமையாகிறது

வானத்தில் பறப்பதும் வரப்பில் நடப்பதும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. "உன் சோளத்தில் பால் பிடித்துவிட்டது, நாளைக்கு வருகிறோம்" என்று கிளிகள் சொல்லிவிட்டே திருடிய காலம். சொல்லிவிட்டுத் திருடினாலும் திருட்டு திருட்டுதானே? அதனால் அப்போதும் சோளக்காட்டில் பரண் இருந்தது, கையில் கவண் இருந்தது, பரண்மேல் நின்று நாளெல்லாம் கத்துவதற்கு ஓர் ஆளும் இருந்தது.

அந்தக் காலத்தில் நாரைகளுக்குப் போக்குவரத்து ஓர் ஒழுங்காக இருந்தது. கோடையில் பனிமலைக்கு அப்பால் உள்ள புல்வெளியில் குஞ்சு பொரிப்பார்கள். குளிர் எட்டிப் பார்த்ததும் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கி, வடக்கே ஒரு பெரிய மணலாற்றின் கரையில் தங்குவார்கள். குளிர் போனதும் திரும்பிவிடுவார்கள். பாட்டன் தங்கிய கரையில் அப்பன் தங்கினான், அப்பன் தங்கிய கரையில் மகன் தங்கினான். அந்த ஆற்றுக்குத் தெற்கே நிலம் இருக்கிறதா என்றுகூட எந்த நாரையும் கேட்டதில்லை. இருக்கிற இடம் வசதியாக இருந்தால் யார் அதையெல்லாம் கேட்கப் போகிறார்கள்?

அந்தக் கூட்டத்தில் வெண்தூவி என்று ஒருத்தி இருந்தாள். காதோரம் இரண்டு வெள்ளை இறகுகள் பின்னால் நீண்டு தொங்கும், அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் பெயர் நெட்டையன். எல்லா நாரையும் நெட்டைதான் என்றாலும் இவன் ஒரு சாண் கூடுதல். பறக்கும்போது அவன் கால்கள் பின்னால் வருகிறவர்களின் அலகில் இடிக்கும் என்று கேலி செய்வார்கள்.

நாரைகளில் ஜோடி சேர்ந்தவர்கள் தனியாகக் கூவுவதில்லை. அவள் இரண்டு முறை கூவுவாள், உடனே அவன் ஒரு முறை கூவுவான். மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு கூவல். அவள் கூவி அவன் கூவாவிட்டால், அது வாசல்வரை வந்து உள்ளே வராமல் போனதுபோல் இருக்கும். வெண்தூவியும் நெட்டையனும் காலையில் ஒரு தடவை, அந்தியில் ஒரு தடவை என்று இல்லை. தண்ணீர் குடித்தால் கூவுவார்கள், புழு கிடைத்தால் கூவுவார்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் அதற்கும் கூவுவார்கள். "இதுகளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கிழநாரைகள் அலுத்துக்கொள்ளும்.

ஒரு வருடம் பனிமலையைத் தாண்டும்போது காற்று கெட்டுப்போய் இருந்தது. கூட்டத்தில் முன்னால் பறக்கிறவன்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். அது நெஞ்சை உடைக்கிற வேலை. அதனால் முறை வைத்து மாறுவார்கள். நெட்டையனுக்குப் பின்னால் வெண்தூவி களைத்துப்போய் வந்தாள். தன் முறை முடிந்தும் அவன் பின்னால் போகவில்லை. நான் விலகினால் இந்தக் காற்று இவள்மேல் அல்லவா அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறையும் அவனே முன்னால் பறந்தான். மலையிடுக்கில் திரும்புகிற இடத்தில் காற்று அவனை மட்டும் கூட்டத்திலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு போனது.

மேகத்துக்குள் அவனுக்குக் கிழக்கும் தெரியவில்லை மேற்கும் தெரியவில்லை. காற்று தள்ளிய பக்கமெல்லாம் போனான். மணலாற்றைத் தாண்டியது தெரியாமல் தாண்டினான். எத்தனையோ ஆறுகளையும் காடுகளையும் தாண்டி, ஒரு கார்த்திகை மழையில் பனைமட்டையில் மோதி, இடது சிறகு முறிந்து, நம் கரிசல் நிலத்தில் ஒரு சோளக்காட்டுக்குள் வந்து விழுந்தான்.

அந்தக் காட்டுக்குக் காவல் வெயிலாச்சி.

வெயிலாச்சி நடை பழகிய நாளிலிருந்தே பரண் ஏறியவள். அவள் அம்மாவும் பறவை விரட்டினவள்தான். காட்டின்மேல் ஒரு நிழல் விழுந்தால் போதும், அவள் தலை அது என்ன பறவை என்று யோசிப்பதற்குள் வாய் "ஆயோ!" என்று கத்திவிடும், கை கவணைச் சுழற்றிவிடும். சோறு தின்றுகொண்டிருந்தாலும் கத்துவாள். தூங்கிக்கொண்டிருந்தாலும் கத்துவாள். "கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை துண்டை உதறினாரு, அதுக்கும் கத்திட்டா" என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் புருஷன் கொம்பையா பொதிமாட்டுக்காரன். மாடுகள்மேல் உப்புப் பொதி ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன். ஒரு தடவை போனவன் திரும்பவில்லை. மூன்று வெள்ளாமை போய்விட்டது. ஊரில் எல்லோரும் அவனை மறந்துவிட்டார்கள், அவளைத் தவிர.

சோளத்துக்குள் சலசலப்புக் கேட்டதும் வெயிலாச்சி கவணை எடுத்துவிட்டாள்.

"ஏய், போறியா, கல்லு வரட்டுமா?"

"போக முடிஞ்சா போயிருக்க மாட்டேனா, அக்கா?" என்று சோளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். அவள் இடுப்புயரத்துக்கு ஒரு பறவை, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நின்றது. இதுவரை இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. கொக்கு தெரியும், மடையான் தெரியும். இது என்ன, கொக்கைப் பிடித்து இழுத்து நீட்டியதுபோல இருக்கிறதே என்று நினைத்தாள்.

"எந்த ஊரு நீ?"

"வடக்கே. ரொம்ப வடக்கே."

வடக்கே என்றதும் அவள் கை கவணை விட்டுவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்துக் குடிசைக்குப் போனாள். பழைய சேலையைக் கிழித்து, பனைமட்டைப் பத்தையை அணை கொடுத்துச் சிறகைக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"அங்கிட்டு ஒரு பொதிமாட்டுக்காரரைப் பாத்தியா? ஆளு கறுப்பா, ஒல்லியா இருப்பாரு. முன்னால போற மாட்டுக் கழுத்துல மணி கட்டியிருக்கும். அது கீறல் விட்ட மணி. கணீர்னு கேக்காது, டொக்கு டொக்குன்னு கேக்கும்."

நெட்டையன் வலியிலும் நன்றாக யோசித்துப் பார்த்தான். "பாக்கலையே அக்கா. நாங்க உசரத்துல போறோம். கேட்டிருந்தா ஞாபகம் இருக்கும்."

"சரி, விடு" என்றாள் அவள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாளோ, அந்தச் சொல் தேய்ந்துபோய் வந்தது.

அவன் அங்கேயே தங்கினான். சோளம் தின்றான், வரப்பில் புழு பொறுக்கினான். அந்தியானால் வடக்கே பார்த்து நின்று ஒரே ஒரு முறை கூவுவான். வெயிலாச்சி கேட்டாள்: "அதென்ன, பாதியில நிறுத்துற?"

"முன்னால ரெண்டு கூவல் இருக்கு. அதை அவதான் கூவணும்" என்றான். பிறகு வெண்தூவியைப் பற்றிச் சொன்னான். பேசிக்கொண்டே போனான். நாரை அழுமா என்று எனக்குத் தெரியாது. வெயிலாச்சி அழுதாள்.

"அவ வருவா, அக்கா. யார் சொன்னாலும் கேக்கமாட்டா. என்னைத் தேடிட்டு வருவா" என்றான் நெட்டையன். "ஆனா மத்தியானம் நான் தண்ணி குடிக்க ஊருணிக்குப் போயிடுறேன். அந்நேரம் அவ வந்தா? ரெண்டு கூவல் கேட்டா நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். கத்தாம இரு, அது போதும். கீழே இறங்கி வருவா. மிச்சத்தை நான் ஓடியாந்து பாத்துக்கிடுறேன்."

"இதுகூடச் செய்யமாட்டேனா?" என்றாள் வெயிலாச்சி. குலசாமிமேல் சத்தியமும் செய்தாள். அவள் மனசாரத்தான் செய்தாள்.

அங்கே மணலாற்றின் கரையில் வெண்தூவி இரை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். காலையில் இரண்டு முறை கூவுவாள். பதில் வராது. கிழநாரைகள் வந்து உட்கார்ந்து நல்ல வார்த்தை சொன்னார்கள். "மலையில போனவன் போனவன்தான் தாயி. சாப்பிடு." கேட்கவில்லை. அதட்டினார்கள். அதற்கும் கேட்கவில்லை. ஒரு நாள் கூட்டமெல்லாம் மேய்ந்துகொண்டிருக்க, அவள் மட்டும் எழும்பித் தெற்கே திரும்பினாள். தங்கும் காலத்தில் கரையை விட்டுப் போவதா? அப்படி ஒரு வழக்கமே கிடையாது. "தெற்கே என்னடி இருக்கு?" என்று கத்தினார்கள்.

"தெரியாது. அவன் வடக்கே இல்லை, அது தெரியும்" என்றாள்.

தனியாகப் பறக்கிற நாரைக்கு முன்னால் காற்றைக் கிழிக்க யாரும் இல்லை. முறை மாற்றவும் ஆள் இல்லை. எல்லா முறையும் அவளுடையதே. ஏரி கண்ட இடத்தில் இரண்டு முறை கூவினாள், வயல் கண்ட இடத்தில் இரண்டு முறை கூவினாள். பதில் இல்லாத இடத்தில் இறங்கவில்லை. இப்படியே வந்து வந்து, தை மாதத்து மத்தியானம் ஒன்றில் கறுப்பு மண்ணும் மஞ்சள் சோளமுமாக ஒரு காடு தெரிந்தது. தாழ இறங்கி முதல் கூவலைக் கூவினாள்.

வெயிலாச்சி பரண்மேல் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து கிளிகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருந்த நேரம். காட்டின்மேல் பெரிய நிழல் ஒன்று விழுந்தது.

"ஆயோ!"

வாய் கத்திவிட்டது. கை சுழற்றிவிட்டது. கல் காற்றில் விர்ரென்று போனது.

கல் அவள்மேல் படவில்லை. ஆனால் இரண்டாவது கூவல் வெண்தூவியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இது நாரையை விரட்டுகிற ஊர், இங்கே அவன் இருக்கமாட்டான் என்று நினைத்துச் சட்டென்று மேலே ஏறினாள்.

கல் கையை விட்ட பிறகுதான் வெயிலாச்சிக்கு அந்த ஒற்றைக் கூவல் காதில் ஏறியது. "ஐயோ, தாயி! வா! உன்னை இல்ல!" என்று கத்தினாள். அதுவும் கத்தல்தானே? உயரத்தில் இருக்கிறவளுக்கு விரட்டுகிற கத்தலும் கூப்பிடுகிற கத்தலும் ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கும். வெண்தூவி இன்னும் மேலே ஏறினாள்.

ஊருணியில் இருந்த நெட்டையன் அந்தக் கூவலைக் கேட்டான். பதில் கூவினான். கரையிலிருந்து காட்டுக்கு ஓடி வந்தான். சிறகில் இன்னும் கட்டு இருந்தது. நல்ல சிறகை மட்டும் அடித்துக்கொண்டு, வரப்பில் தடுக்கி விழுந்து எழுந்து, கூவிக்கொண்டே ஓடினான். வெண்தூவி ஒரு புள்ளியாகித் தெற்கே மறைந்துபோனாள். காற்று அவள் பக்கமிருந்து இவன் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, அதனால் அவள் குரலை அவன் கேட்டான். அவன் குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

வெயிலாச்சி பரணைவிட்டு இறங்கி வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். திட்டட்டும், கொத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவன் திட்டவில்லை. "நீ வேணும்னு செய்யலை" என்றான். அதைவிட அவன் கொத்தியிருக்கலாம். கவணைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள். மறுநாளிலிருந்து அவள் கத்தவில்லை, கிளிகள் விருந்து சாப்பிட்டன, காட்டுக்குச் சொந்தக்காரர் வந்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

மாசியில் சோளம் அறுத்தார்கள். நெட்டையனின் சிறகு கூடிவிட்டது. தெற்கிலிருந்து காற்று எழும்பியது. அந்தக் காற்று வந்துவிட்டால் நாரையின் உடம்பு நாரை பேச்சைக் கேட்காது, வடக்கே போ போ என்று உந்தும். ஒரு வாரம் அதை அடக்கிப் பார்த்தான். தெற்கே போய்த் தேட நினைத்து இரண்டு தடவை எழும்பினான். ஆறிய சிறகு எதிர்காற்றைத் தாங்கவில்லை.

"எனக்கு வேற வழி தெரியலை, அக்கா. அவளும் இந்தக் காத்துக்கு ஊர் திரும்புவா. நான் அங்க போயி நிக்கிறேன். ஒருவேளை இங்க வந்தான்னா சொல்லு."

"சொல்றேன். இந்தத் தடவை சொல்றேன்" என்றாள் வெயிலாச்சி.

அவன் காட்டை மூன்று முறை சுற்றிவிட்டு, ஒரு முறை கூவிவிட்டுப் போனான்.

அறுத்த காட்டுக்கு என்ன காவல்? ஆனால் வெயிலாச்சி மறுநாளும் பரண் ஏறினாள். "வெறும் சோளத்தட்டையைக் கிளி தூக்கிட்டுப் போயிடும்னு காவலா?" என்று ஊரார் சிரித்தார்கள். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெண்தூவி தெற்கே போய், நிலம் தீர்ந்து கடல் தொடங்குகிற இடத்தைப் பார்த்தாள். இதற்குமேல் அவன் போயிருக்க முடியாது, வழியில் எங்கோ விட்டுவிட்டோம் என்று அங்கிருந்து திரும்பினாள். போன வழியிலேயே வந்தாள். கல் வந்த காடு ஞாபகம் இருந்தது. தேடாமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

காட்டின்மேல் நிழல் விழுந்தது. வெயிலாச்சியின் வாய் திறந்துவிட்டது. அந்த வாய் அவள் பேச்சை என்றைக்குக் கேட்டது? முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. முதல் கூவல் கேட்டது. இரண்டாவது கூவலும் கேட்டது. பரண் ஊமையாக நின்றது.

வெண்தூவி இறங்கினாள். எலும்பும் இறகுமாக இருந்தாள். வெயிலாச்சி முந்தானையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விழுந்ததைச் சொன்னாள், கட்டுப் போட்டதைச் சொன்னாள், தினமும் அந்தியில் அவன் நின்ற இடத்தைக் காட்டினாள். பிறகு, "அன்னைக்குக் கத்தினது நான்தான்" என்றாள்.

வெண்தூவி அவன் நின்ற இடத்துக்குப் போனாள். காய்ந்த கரிசலில் கால் தடம் அப்படியே இருந்தது. கார்த்திகை ஈரத்தில் பதிந்தது, வெயிலில் இறுகிவிட்டது. அந்தத் தடத்துக்குள் தன் காலை வைத்துப் பார்த்தாள். அவள் காலுக்கு அது பெரிது.

"எப்பப் போனான்?"

"நாலஞ்சு நாளுதான் ஆச்சு. வெரசாப் போ தாயி, பிடிச்சிரலாம். இல்லேன்னா ஒண்ணு செய்யி. இங்கேயே இரு. நீ இல்லைன்னு அவன் திரும்பி வருவான். ரெண்டு பேரும் தேடிட்டே போனா எப்படிச் சேருவீங்க? ஒருத்தராவது ஒரு இடத்துல இருக்கணும்ல?"

"நீ ஒரு இடத்துலதான இருக்க, அக்கா? உன் ஆளு வந்துட்டாரா?"

வெயிலாச்சி வடக்கே போகிற பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.

கேட்ட பிறகுதான் வெண்தூவிக்குத் தான் கேட்டது உறைத்தது. அருகில் வந்து, தன் நீண்ட கழுத்தை அவள் தோள்மேல் வைத்தாள். ஒருத்திக்குத் தேடத்தான் தெரியும், ஒருத்திக்குக் காத்திருக்கத்தான் தெரியும். இருவரில் யார் கெட்டிக்காரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

"உன் ஆளை எப்படி அடையாளம் தெரியும்?" என்று வெண்தூவி கேட்டாள்.

வெயிலாச்சி கீறல் மணியைப் பற்றிச் சொன்னாள். டொக்கு டொக்கு என்று நாக்கால் தட்டிக் காட்டினாள். வெண்தூவி தலையைச் சாய்த்து, இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"நான் இனிமே தாழப் பறக்கிறேன், அக்கா. மணி கேட்டா வந்து சொல்றேன். நீ இங்க பாத்துக்கோ. அவன் என்னைத் தேடி இங்க வந்தா, நான் வடக்கே வந்துட்டேன்னு சொல்லு. நானும் அப்பப்ப வந்து கேட்டுக்கிடுறேன்."

"வா. நான் கத்தமாட்டேன்" என்றாள் வெயிலாச்சி.

வெண்தூவி தெற்குக் காற்றில் ஏறி வடக்கே போனாள். போகும்போது இரண்டு முறை கூவினாள். மூன்றாவது கூவலுக்கு வெயிலாச்சியின் வாய் தானாகத் திறந்தது. அது அவளுடைய கூவல் இல்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெண்தூவி அவனைப் பிடித்தாளா? பிடித்திருப்பாள் என்றுதான் நான் சொல்வேன். அப்படிப் பறந்தவளுக்கு அது கிடைக்காவிட்டால் வானம் எதற்கு? ஆனால் அடுத்த குளிரில் ஒரு நாரை தன் கூட்டத்தின் கரையை விட்டு இந்தக் கரிசலுக்கு வந்தது. காட்டைச் சுற்றியது, கூவியது, காத்திருந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. பறவைப் பேச்சும் மனிதப் பேச்சும் அறுந்துபோயிருந்தன. 'அவன் வந்தானா' என்று கேட்டதா, 'மணி கேட்டது' என்று சொன்னதா, வெயிலாச்சிக்குப் புரியவில்லை. "என்ன தாயி? சொல்லு, சொல்லு" என்று பரணின் அடியில் நின்று கெஞ்சினாள். அது மறுபடியும் கூவியது. அவள் காது முழுக்க அந்தக் குரல் இருந்தது, அர்த்தம் மட்டும் இல்லை.

அந்தக் குளிர்காலத்திலிருந்துதான், வடக்கே தங்கவேண்டிய நாரைகளில் ஒன்றிரண்டு எப்போதாவது வழக்கத்தை விட்டு, தங்களுக்கு ஒரு வேலையும் இல்லாத நம் கரிசல் காட்டில் வந்து இறங்குகின்றன. இங்கே பரண்மேல் நிற்கிற பெண்களும், உச்சியில் நாரைக் குரல் கேட்டால் கவணைக் கீழே வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். கிளி தின்றாலும் தின்னட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒருவேளை இந்தத் தடவை புரிந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.